இரண்டு கால் ரோபோ படுக்கை நோயாளிப் பராமரிப்புக்கு நம்ம கடற்கரையில் தேறுமா?

#1 கீழக்கரை_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே 12 படுக்கை முதியோர் இல்லம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் லிண்டல் மட்டம் தாண்டியாச்சு, தளம் இன்னும் போடவில்லை. துபாயில் இருக்கும் ஒருத்தர் மனித உரு ரோபோ ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார். சக்கரம் இல்லை, இரண்டு காலில் நடக்கிற வகை. வரப்போகிறவர்களில் 5 பேர் முழுப் படுக்கை, எடை 55 முதல் 65 கிலோ. இரவில் அட்டெண்டர் இரண்டு பேர்தான். கடல் அரை கிலோமீட்டருக்குள், போர் தண்ணி உப்பு.

தூக்க, புரட்ட, துடைக்க இது கைகொடுக்குமா? அதற்காகக் கட்டடத்தில் இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? விளம்பர வீடியோ நிறையப் பார்த்தாச்சு. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 உச்சிப்புளி_சிஸ்டர்

காக்கா, ரோபோவை ஒரு நிமிஷம் ஒதுக்கி வையுங்க. இரவில் இரண்டு அட்டெண்டர்கள் செய்யப்போவது என்ன என்று பார்ப்போம். 5 படுக்கை நோயாளி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டல். இரவு 8 முதல் காலை 6 வரை எண்ணினால் 25 தடவைக்கு மேல். அதோடு டயபர், யூரின் பேக், விரிப்பு நனைந்தால் மாற்றல். முதுகு போவது இதில்தான். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனத்தில் இருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் கணக்கிட்டு வைத்த வரம்பு, ஒருவர் கையால் நோயாளியின் எடையைத் தாங்குவதென்றால் 35 பவுண்டுக்குள், அதாவது சுமார் 16 கிலோவுக்குள். 60 கிலோ மனிதரின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ வரும். மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

புரட்டுவது பலத்தால் செய்கிற வேலை இல்லை. கட்டிலை அட்டெண்டர் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி பிரேக் போட வேண்டும். நோயாளியின் முழங்கால்களில் நமக்கு எதிர்ப்பக்கம் உள்ளதை மடக்கி நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து நம் பக்கம் திருப்பினால் மடக்கிய காலே நெம்புகோலாகி உடம்பைக் கொண்டுவந்துவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணை, சாய்வு 30 டிகிரி. 90 டிகிரிக்கு நிமிர்த்தி வைத்தால் இடுப்பு எலும்பு முனையில் புண் வரும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் ஒன்று. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டவே வேண்டாம், ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டம் குறையும்.

தலைமாட்டுப் பக்கம் மேலே இழுக்க வேண்டியிருந்தால் ஸ்லைடு ஷீட், அதாவது வழுக்கும் விரிப்பு. மேக்கின்டாஷ் என்கிற ரப்பர் விரிப்பு மேலே வெறும் பருத்தி ட்ரா ஷீட் (குறுக்கு விரிப்பு) போட்டு இழுத்தால் தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போகும். வால் எலும்புப் புண் பாதி அங்கே தொடங்குகிறது.

இதில் எந்தப் படியை இரண்டு கால் ரோபோ செய்யும் என்று இன்ஜினியர் யாராவது சொல்லட்டும்.

#3 பயோமெட்_பரமக்குடி

சிஸ்டர் கேட்டதற்கு நேர்ப் பதில்: தூக்குவது முடியாது. விலை காரணமில்லை, தராசுக் கணக்குதான்.

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு கால் ரோபோ யூனிட்ரீ ஜி1 சுமார் 1.3 மீட்டர் உயரம், 35 கிலோ எடை. கை தாங்குவது 2 முதல் 3 கிலோ. அதன் கைக்கு எவ்வளவு பலம் கொடுத்தாலும் நிற்கும் பாதம் மாறாது. 60 கிலோ நோயாளியைக் கால்விரல் நுனிக்கு 30 செ.மீ. முன்னால் ஏந்துகிறது என்று வையுங்கள்: 60 × 30 = 1800. ரோபோவின் சொந்த எடை நுனிக்கு 10 செ.மீ. பின்னால்: 35 × 10 = 350. குப்புற விழும், நோயாளி மேலேயே.

ஜப்பானில் இதை ஒழுங்காக யோசித்தவர்கள் காலைத் தொடவில்லை. ரிக்கென் நிறுவனம் 2009-ல் காட்டிய ரிபா, 2015-ல் காட்டிய ரோபியர் இரண்டுக்கும் சக்கரம்தான். ரோபியர் சுமார் 140 கிலோ, தூக்கும்போது அடிப்பாகக் கால்களை வெளியே நீட்டிக்கொள்ளும். அத்தனை செய்தும் அது ஆய்வகத்தைத் தாண்டி விற்பனைக்கு வரவில்லை.

கையால் தள்ளும் ஹைட்ராலிக் ஹாய்ஸ்ட், அதாவது நோயாளியைத் தொங்கவிட்டுத் தூக்கும் கருவி, நூற்றைம்பது கிலோ வரை தூக்குவது எப்படி? அதன் இரண்டு கால்களும் கட்டிலுக்கு அடியில் நுழைகின்றன, பாரம் எப்போதும் நான்கு சக்கரத்துக்குள்ளேயே தொங்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். கட்டிலுக்கு அடியில் 15 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். பெட்டி வைத்த மரக்கட்டிலில் நுழையாது.

அடுத்தது அவசர நிறுத்தம். சக்கர ரோபோவில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்தில் உறையும். இரண்டு காலில் மோட்டார் மின்சாரம் போனால் பொத்தென்று சரியும். நிற்பதே தொடர்ந்து மோட்டார் வேலை செய்வதால்தான். தனிநபர் பராமரிப்பு ரோபோக்களுக்கு ஐஎஸ்ஓ 13482 என்று 2014-ல் வந்த தரநிலை இருக்கிறது, ஆனால் தானே சமநிலை காத்து நிற்கும் இயந்திரம் மனிதர் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதற்குத் தனித் தரநிலை இப்போதுதான் எழுதப்படுகிறது. மனிதர் மேல் ரோபோ படும்போது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066-ல் உள்ள எண்களோ ஆரோக்கியமான, வயதுவந்தவர்களை வைத்து எடுத்தவை. 80 வயதில் காகிதம் மாதிரி இருக்கும் தோலுக்கு அவை பொருந்தாது.

#4 தொண்டி_தம்பி

அண்ணே, 2015 கதையையே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? டோக்கியோ வசேடா பல்கலைக்கழகத்துல ஏர்ரெக்னு ஒரு ரோபோ வச்சிருக்காங்க. 150 கிலோ, 2025-ல மனுஷரைப் படுக்கையில ஒருக்களிச்சுப் புரட்டிக் காட்டினாங்க. தைவான்ல பாக்ஸ்கான் செஞ்ச நூராபாட் தைச்சுங் ஆஸ்பத்திரியில மருந்தும் சாம்பிளும் தூக்கிட்டுப் போகுது. தூக்குறது மட்டுமா பராமரிப்பு? நர்ஸ் ஒரு ஷிப்டுல நிறைய நேரம் நடந்தே போக்குறாங்க.

அப்புறம், ஹாய்ஸ்ட் ஹாய்ஸ்ட்னு சொல்றீங்களே, எத்தனை இடத்துல அது மூலையில துணி காயப்போடுற கம்பியா நிக்குது? ஸ்லிங் (ஆளைத் தாங்குற துணித் தொட்டில்) மாட்ட, ஏத்த, இறக்க ஒரு ஆளுக்கு 5 முதல் 10 நிமிஷம். அவசரத்துல யாரும் எடுக்கிறதில்ல, கையாலதான் தூக்குறாங்க. அதையும் எழுதுங்க.

#5 பயோமெட்_பரமக்குடி

தம்பி சொன்ன இரண்டாவது விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலாவது: ஏர்ரெக், நூராபாட் இரண்டுமே சக்கரத்தில் ஓடுபவை. நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஏர்ரெக்கை உருவாக்குபவர்களே பராமரிப்பு வேலைக்கு வர 2030 ஆகும், தொடக்க விலை 1 கோடி யென்னுக்குக் குறையாது என்கிறார்கள். புரட்டிக் காட்டியதும் தட்டையான ஆய்வகப் படுக்கையில். நம் ஊரில் கொசுவலை உண்டு. ஆழம் அளக்கும் கேமராவுக்கு கொசுவலை பெரிய தலைவலி: அதன் ஒளிப் புள்ளிகளில் கொஞ்சம் வலையில் பட்டுத் திரும்பும், கொஞ்சம் உள்ளே போய் ஆளிடம் பட்டுத் திரும்பும், ஃபேன் காற்றில் வலை ஆடினால் படுக்கையே ஆடுவதாக அது நினைக்கும். வலையைத் தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளே புரட்டிவிடலாம்.

நடக்கிற நேரம் மிச்சமாகும் என்பது பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி. அங்கே பார்மசி ஒரு மூலை, லேப் ஒரு மூலை. 12 படுக்கை இல்லத்தில் ஸ்டோர் அறை பத்தடியில் இருக்கும். ஒரு தள்ளுவண்டியில் டயபர், துடைக்கும் துணி, கையுறை, குப்பைப் பை எல்லாம் அடுக்கிக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போனால் முடிந்தது.

#6 உச்சிப்புளி_சிஸ்டர்

தம்பி, ரோபோவை நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் சில வேலைக்கு அது நிற்கலாம். யாராவது கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தால் மணி அடிப்பது, புரட்டும் நேரம் வந்தால் கூப்பிடுவது, தண்ணி பாட்டில் கொண்டு தருவது. ஆனால் இதில் முதல் இரண்டையும் மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார் தட்டும் சுவர்க் கடிகாரமும் செய்கின்றன.

தோல் பார்ப்பதை மட்டும் கேமராவிடம் விடாதீர்கள். படுக்கைப்புண்ணின் முதல் நிலை, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடம். நம் மாநிறத்தில், கறுப்பில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று புறங்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) உணவு போகிறவர்களுக்கு தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி, ஊற்றிய பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. ஆனால் தலை உயர உயர உடம்பு கீழே சரியும், வால் எலும்பில் இழுப்பு விழும். அதனால் முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டுத்தான் தலையை உயர்த்த வேண்டும். நேரம் முடிந்ததும் மறக்காமல் இறக்க வேண்டும். யூரின் பேக் மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமுன் காலி செய்ய வேண்டும், எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். இங்கேதான் இயந்திரக் கைக்கு எனக்குப் பயம். மூத்திரக் குழாய் விரலில் சிக்கி இழுபட்டால், அது நழுவாமல் மூத்திரப்பைக்குள் ஊதி நிற்கும் பலூனோடு வெளியே வரும். மூத்திரப் பாதை கிழிந்து ரத்தம் வரும். மனுஷிக்குக் கையில் ஏதோ தடுக்குவது தெரியும், நிறுத்துவாள்.

#7 மண்டபம்_வயர்மேன்

ஆளாளுக்குத் தூக்குறதைப் பத்தியே பேசுறீங்க. அந்தப் பொட்டி கடற்கரையில எத்தனை மாசம் உயிரோட இருக்கும்னு யாரும் கேக்கல.

உப்பு தானா ஈரம் இழுக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுச்சுன்னா உப்புத் துகள் கரைஞ்சு தண்ணியாகும். நம்ம பக்கம் ராத்திரி முக்காவாசி நாள் தாண்டும். கச்சான் காத்துக் காலத்துல கதவைத் திறந்து வச்சா மேசை மேல விரலால பேரெழுதலாம். ரோபோவுக்குள்ள ஃபேன் காத்தை இழுக்குது, காத்தோட உப்பு போர்டு மேல உக்காருது, ராத்திரி அது ஈரமாகுது, ஒரு பின்னுலேர்ந்து அடுத்த பின்னுக்குக் கரண்டு கசியுது. பச்சை பூத்த கனெக்டர்தான் முதல்ல போகும். மூட்டுல வர்ற கோளாறு பாதி மோட்டார்ல இல்ல, அந்தப் பிளக்குலதான் இருக்கும். அலுமினியத்துல எஃகு ஸ்குரூ போட்டிருந்தா வெள்ளை மாவு தள்ளி இறுகிடும், திருப்பினா தலை முறியும்.

வாங்குறவங்க போர்டுக்கு மேல பாதுகாப்புக் கோட்டிங் இருக்கான்னு கேளுங்க. தூசியும் தண்ணித் தெறிப்பும் உள்ள போகாத அளவைச் சொல்ற ஐபி எண் 54-க்குக் கீழ உள்ளதைத் தொடாதீங்க. நிறுத்தி வைக்க ஏசி அறை, ஈரப்பதம் 60-க்குள்ள. கேமரா கண்ணாடியைக் காஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்புப் பரல் கீறும். நல்ல தண்ணியில லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுக்கணும். உப்புப் போர் தண்ணியைத் தொட்டுத் துடைச்சா துடைக்காம விட்டதே மேல்.

இப்ப கரண்டு. வோல்டேஜ் கம்மியா வர்றது பெரிய பிரச்சினை இல்ல, சார்ஜர் பெரும்பாலும் 100 முதல் 240 வரைக்கும் வாங்கிக்கும். ஆபத்து நியூட்ரல் கம்பி அத்துப்போறது. கடற்கரையில கம்பத்து ஜாயின்ட் உப்புல தின்னு போயி நியூட்ரல் அத்துச்சுன்னா சிங்கிள் பேஸ் லைன்ல 300, 350-னு ஏறும். ஸ்டெபிலைசர் அதைப் புடிக்காது. வோல்டேஜ் ஏறினா வெட்டிவிடுற ரிலே தனியா வேணும், இடிக்கு சர்ஜ் காப்பு வேணும், படுக்கை வரிசைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா வெட்டிவிடுற சுவிட்ச்) வேணும். எர்த் பிட் மணல்ல சும்மா ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப் அடிச்சா காஞ்ச மணல் கடத்தாது, கீழ உப்புத் தண்ணி பைப்பைத் தின்னுடும். செம்பு பூசுன ராடு, சுத்தி பெண்டோனைட் களிமண் கலவை. இது ரோபோ வந்தாலும் வராட்டியும் செய்யணும், மின்சாரக் கட்டில் வரப்போகுதில்ல.

படுக்கைப்புண் வராம இருக்கப் போடுற ஏர் பெட்டோட (காத்து மெத்தை) பம்பு சின்ன லோடுதான், சாதாரண இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்கத் தாங்கும். அதை மறந்துட்டு ரோபோ சார்ஜுக்கு யுபிஎஸ் தேடாதீங்க. ஜி1 பேட்டரி சுமார் 2 மணி நேரம்தான் ஓடும். பேட்டரி செத்தா வேற வரவழைக்கணும். 100 வாட்-மணிக்கு மேலான லித்தியம் பேட்டரி விமானச் சரக்குல அபாயப் பொருள் கணக்குல வருது, கூரியர்ல நாளைக்கே வராது.

#8 பெரியபட்டினம்_லாத்தா

ஒண்ணு கேக்கணும். வீட்டு வேலைக்குன்னு விக்கிற சில ரோபோவுல அதுக்குத் தெரியாத வேலை வந்தா கம்பெனி ஆள் தூரத்துல உக்காந்து கேமரா வழியா பாத்து ஓட்டுறாங்களே. 1எக்ஸ் கம்பெனி நியோ விக்கும்போதே அதைச் சொல்லித்தான் வித்தாங்க. உம்மாமாருக்கு உடம்பு துடைக்கிற நேரத்துல எந்த ஊரு ஆளு பாக்குறான்னு யாருக்குத் தெரியும்? பொம்பளை வார்டுல ஆம்பிளை அட்டெண்டரையே விட மாட்டோம்.

#9 பயோமெட்_பரமக்குடி

லாத்தா கேட்டது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயம். 2023-ல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். படம் எங்கே சேமிக்கப்படுகிறது, தூரத்திலிருந்து ஓட்டும் வசதியை முழுதாக அணைக்க முடியுமா, அணைத்தால் எந்த வேலை நின்றுபோகும் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் விற்பவர் திணறுவார்.

காக்கா, கொடையாளர் மனம் நோகாமல் இருக்க டெமோ கேளுங்கள். ஆனால் உங்கள் கட்டடத்தில், உங்கள் தரையில். கொசுவலை தொங்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும், சாயங்காலம் 4 மணி வெயில் ஜன்னல் வழியே அடிக்க வேண்டும். 5 லிட்டர் தண்ணி கேனைக் கையில் ஏந்தியிருக்கும்போது சிவப்புப் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், அவர்கள் ஆள் அல்ல. நடுவில் வைஃபையைப் பிடுங்குங்கள். 5 செ.மீ. நிலைப்படியைத் தாண்டச் சொல்லுங்கள். பக்கவாதத்தில் நாக்கு குழறும் ஒருவர் பேச்சைப் பதிவு செய்து ஓட்டி, புரிகிறதா பாருங்கள். கீழக்கரைத் தமிழ் தெளிவாகப் பேசினாலே அதற்குப் பாதி புரியாது என்று என் ஊகம்.

#10 கீழக்கரை_காக்கா

ஜஸாக்கல்லாஹ், கண் திறந்துவிட்டது. கொடையாளரிடம் பேசினேன். ரோபோ இல்லாவிட்டாலும் அந்தப் பணத்தைத் தருகிறார், ஆனால் “தூக்குற வேலையை இயந்திரம் செய்யணும்” என்று ஒரே நிபந்தனை. தம்பி சொன்னபடி ஹாய்ஸ்ட் மூலையில் நிற்கக் கூடாது. தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்க ஆரம்பிக்கப் போகிறோம். என்ன செய்யலாம்?

#11 பயோமெட்_பரமக்குடி

சென்ட்ரிங் அடிக்கும் முன்பே கேட்டீர்கள், நல்லது. கூரையில் தண்டவாளம் பதித்த ஹாய்ஸ்ட் போடுங்கள். மோட்டார் மேலேயே ஓடும், ஸ்லிங் கட்டிலுக்கு நேர் மேலே வந்து இறங்கும், தரையில் உருட்ட எதுவுமில்லை, கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தாலும் கவலையில்லை. எடுத்து வரப் போகும் நேரம் மிச்சமாவதால்தான் ஆட்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். தொண்டித் தம்பி சொன்ன குறைக்கு மருந்து இதுவே.

தூக்கும் திறன் 200 கிலோ உள்ளது போதும். தண்டவாளம் தொங்கும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு இழுவை தாங்க வேண்டும் என்று விற்பவரிடம் எழுதி வாங்கி, கட்டட இன்ஜினியர் கையில் கொடுங்கள், கம்பி கட்டுவதற்கு முன்பு. தண்டவாளத்தைக் கூரையில் பிடிக்கும் ஆங்கர் போல்ட் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்) மட்டும். 304 போட்டால் உப்புக் காற்றில் துருப்புள்ளி விழும், ஜிஐ பற்றிப் பேச்சே வேண்டாம். மாட்டி முடித்ததும் மணல் மூட்டை தொங்கவிட்டு, தூக்கும் வரம்பைப் போல் 1.25 மடங்கு பாரத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

5 படுக்கை வரிசைக்கும் கூரையில் ஒரே நேர்த் தண்டவாளம். படுத்திருப்பவரின் தொப்புளுக்கு மேலாகப் போக வேண்டும், தலைமாட்டுக்கு மேலாக அல்ல. குளியலறைக்குள்ளும் நீட்டினால் கதவுக்கு மேல் உள்ள சுவரை அதற்கு வெட்ட வேண்டிவரும், அங்கே லிண்டல் குறுக்கே நிற்கும். உங்களுக்கு லிண்டல் முடிந்துவிட்டதால் அதைத் தொடாதீர்கள். தண்டவாளத்தைக் குளியலறை வாசலோடு நிறுத்தி, அங்கே சக்கர நாற்காலிக்கு இறக்கிக்கொள்ளலாம். குளியலறைப் படியை எடுத்துவிட்டு 1-க்கு 12 சரிவு. 5 செ.மீ. உயரத்துக்கு 60 செ.மீ. நீளம் பிடிக்கும்.

#12 தொண்டி_தம்பி

சரிண்ணே, நான் ஒத்துக்கிறேன். ஆனா அந்த அறைக்குள்ள ஒரு சார்ஜிங் பாயின்டும் நெட்வொர்க் கேபிள் பைப்பும் விட்டு வைங்க. 2030-ல கேட்டுக்கிறேன்.

#13 உச்சிப்புளி_சிஸ்டர்

ஸ்லிங் பற்றி. ஒரு ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. பொதுவில் இரண்டு வைத்தால் தொற்றும் பொதுவாகும். அளவு பார்க்க, முதுகுத் தண்டின் அடி முதல் தலை உச்சி வரை ஸ்லிங் வர வேண்டும். பெரிதாக இருந்தால் நடுவில் நழுவி மடிந்துவிடுவார், சிறிதாக இருந்தால் தொடையில் வெட்டும். கழுத்து நிற்காதவர்களுக்குத் தலை தாங்கும் வகை. தூக்கும் முன் நான்கு வார்களையும் கொக்கியில் தொட்டுப் பார்த்து, மெத்தையிலிருந்து 5 செ.மீ. மட்டும் எழுப்பி நிறுத்தி, மறுபடி பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள். பிளீச்சிங் போட்டு ஊறவைக்காதீர்கள், தையல் நூல் செத்துப்போகும். உப்புத் தண்ணியில் துவைத்தால் கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணியில் அலசி நிழலில் காயப்போடுங்கள். தையல் பிரிந்ததைக் கைத்தையல் போட்டு மாட்டக் கூடாது, வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பிசியோதெரபிஸ்டையும் நோய்த்தணிப்பு நர்ஸையும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகக் கேளுங்கள். புரட்டலையும் ஸ்லிங்கையும் அட்டெண்டர்களுக்குக் கட்டிலிலேயே செய்து காட்டட்டும்.

#14 மண்டபம்_வயர்மேன்

காக்கா, தண்டவாளம் படுக்கைக்கு மேல நடுவுல போகுதுன்னா சீலிங் ஃபேன் ஹூக் அதே இடத்துல வரும். இறக்கை தண்டவாளத்துல இடிக்கும். தளம் போடுறப்பவே ஃபேன் பெட்டியை எடுத்துட்டு, ஒவ்வொரு கட்டிலுக்கும் சுவர் ஃபேன் பாயின்ட் தரையிலிருந்து 7 அடியில விடுங்க. கொசுவலையையும் கூரையில தொங்கவிட முடியாது, கட்டில் நாலு கால்லயும் கம்பி மாட்டுற குழாய் வச்ச கட்டிலா ஆர்டர் குடுங்க. தண்டவாள மோட்டாரோட சார்ஜிங் முனை கடைசிக் கட்டில் பக்கம் வேணும், கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி வேண்டாம். பைப் ஓட்டுறதுக்கு முந்தின நாள் படம் போட்டு இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.